பழைய டெலிஃபோட்டோ லென்ஸில் செவ்வணில்: முழுமையான வழிகாட்டி

ஆட்டோஃபோகஸ் இல்லாத, ஐம்பது வருடப் பழைய 300 மி.மீ. லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு காட்டு அணிலைப் படமெடுக்க முடியுமா? தாராளமாக முடியும். இன்னும் சொல்லப்போனால், அந்த லென்ஸுக்கு இதைவிடத் தோதான காட்டுயிர் கிடைப்பது கடினம். பறவை எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. செவ்வணில் அப்படியல்ல. அது இறங்கும் மரம், நின்று சுற்றிலும் பார்க்கும் கட்டை, உட்கார்ந்து கொறிக்கும் கிளை எல்லாமே பெரும்பாலும் மாறுவதில்லை. கொறிக்க உட்கார்ந்துவிட்டால் ஒரே இடத்தில் நல்ல நேரம் அசையாமல் இருக்கும்.

அதனால் அணிலைத் துரத்தி ஃபோகஸ் செய்ய வேண்டாம். அது வரப்போகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருங்கள். லென்ஸ் வாங்குவதிலிருந்து படத்தைத் திருத்துவது வரை கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எந்த அணில், எங்கே கிடைக்கும்

முதுகில் கோடு போட்ட சின்ன அணிலை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இது ஸியூரஸ் வல்காரிஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட செவ்வணில். தலையும் உடலும் சேர்ந்து 19 முதல் 23 செ.மீ., வால் தனியாக 15 முதல் 20 செ.மீ., எடை ஏறக்குறைய 300 கிராம். ஐரோப்பா முழுவதும் பரவி, சைபீரியா வழியாக ஜப்பானின் ஹொக்கைடோ தீவு வரை வாழ்கிறது. ஐரோப்பாவின் பல நகரங்களில் பூங்காவிலேயே பார்த்துவிடலாம்.

பிரிட்டனில் கதை வேறு. வட அமெரிக்காவின் சாம்பல் அணிலை 1876-இல் செஷயரிலுள்ள ஹென்பரி பார்க்கில் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு வேறு இடங்களிலும் விட்டார்கள். சாம்பல் அணில் உருவத்தில் பெரியது. முற்றாத கொட்டையையும் செரித்துக்கொள்ளும். அதைவிட மோசம், அணில் அம்மைக் கிருமியைச் சுமந்து திரிந்தாலும் அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. செவ்வணிலுக்கு அதே நோய் வந்தால் பிழைப்பது அரிது. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் செவ்வணில் இல்லாமல் போனது இப்படித்தான்.

இன்று பிரிட்டனில் மிஞ்சியிருப்பதில் பெரும்பங்கு ஸ்காட்லாந்தில்தான். கெய்ர்ன்கார்ம்ஸ் மலையடிவாரத்துப் பைன் காடுகளில் ஆரம்பிப்பது நல்லது. இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்தின் கீல்டர் காடு, கம்பிரியா, லிவர்பூலுக்கு வடக்கே கடற்கரையோரம் இருக்கும் ஃபார்ம்பி பைன் தோப்பு, தெற்கே ஐல் ஆஃப் வைட், பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ தீவு ஆகியவை இருக்கின்றன. வேல்ஸில் ஆங்கிள்சீ. ஃபார்ம்பியில் 2008-ஐ ஒட்டிப் பரவிய அணில் அம்மையில் பெரும்பாலான அணில்கள் செத்துப்போய், பிறகுதான் மெல்ல மீண்டு வந்தன. அங்கே போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு நடமாட வேண்டும். பிரவுன்சீக்குப் படகில்தான் போக முடியும். வசந்த காலத்திலிருந்து இலையுதிர் காலம் வரைதான் பெரும்பாலும் படகு ஓடும் என்பதால், அக்டோபரைக் குறிவைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்?

காதில் குஞ்சம் உள்ள படம் வேண்டுமென்றால் இலையுதிர் காலக் கடைசியிலிருந்து வசந்தத் தொடக்கம் வரை. கோடையில் குஞ்சம் உதிர்ந்து காது மொட்டையாகிவிடும். உடம்பு முடி வருடத்துக்கு இரண்டு முறை மாறும். வால் முடியும் காதுக் குஞ்சமும் ஒரே முறைதான். குளிர்கால முடி அடர்த்தி, விலாப்பக்கம் கொஞ்சம் சாம்பல் கலந்திருக்கும். கோடை முடி மெலிதாக, நல்ல செம்பு நிறத்தில் இருக்கும். பிரிட்டனில் சில அணில்களுக்குக் கோடை போகப்போக வால் வெளிறி, கிட்டத்தட்ட வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். அதுவும் அழகுதான்.

செவ்வணில் குளிர்காலத்தில் உறங்கிக் கிடப்பதில்லை. பகல் சுருங்குவதால் இரை தேடும் நேரத்தையும் சுருக்கிக்கொள்ளும். பொழுது விடிந்த முதல் சில மணி நேரம்தான் முக்கியம். கோடையில் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று பிரித்துக்கொண்டு மதியம் ஓய்வெடுக்கும். பலத்த காற்றும் கொட்டும் மழையும் இருந்தால் கூட்டை விட்டு அதிகம் வெளியே வராது. என்னைக் கேட்டால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், காற்றில்லாத, மேகமூட்டமான காலைதான் சிறந்தது.

முதல் படி: லென்ஸைத் தேர்ந்தெடுப்பது

300 மி.மீ., எஃப்/4 அல்லது எஃப்/4.5 (எஃப் எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம் நுழையும்). இதுதான் என் முதல் தேர்வு. பென்டாக்ஸின் சூப்பர்-டாகுமார் 300 எஃப்/4, நிக்கானின் 300 எஃப்/4.5, கேனான் எஃப்டி 300 எஃப்/4, ஒலிம்பஸ் ஓஎம் 300 எஃப்/4.5, சோவியத் தயாரிப்பான டைர்-3 300 எஃப்/4.5 ஆகியவை பழைய கேமராப் பொருள்கள் விற்கும் இடங்களில் அடிக்கடி கண்ணில் படும். சென்சார் ஏபிஎஸ்-சி அளவு (பிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னது) என்றால் 200 மி.மீ. லென்ஸே போதும், ஃபுல் ஃபிரேமில் 300 காட்டுகிற அதே பரப்பைக் காட்டும். டாகுமார் 200 எஃப்/4, பென்டகான் 200 எஃப்/4 இரண்டும் 2.5 மீட்டர் வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். பென்டகானில் அப்பர்ச்சருக்கு (வெளிச்சம் நுழையும் துளைக்கு) 15 தகடுகள் இருப்பதால் மூடினாலும் துளை வட்டமாகவே நிற்கும், பின்னணி உறுத்தாமல் கரைந்துபோகும்.

டைர்-3 லென்ஸைத் துப்பாக்கிக் கட்டையில் பொருத்தி, செனிட் கேமராவோடு ‘ஃபோட்டோஸ்னைப்பர்’ என்று விற்றார்கள். கையில் பிடிக்க வசதியானது, வயிற்றுப் பக்கத்து உருளையைத் திருப்பி ஃபோகஸ் செய்வதும் சுகம். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது துப்பாக்கிதான். குடும்பங்கள் நடமாடும் காட்டுப்பாதையில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு லென்ஸை மட்டும் டிரைபாடில் மாட்டுங்கள்.

500 மி.மீ. எஃப்/8 மிரர் லென்ஸ் சின்னதாக, எடை குறைவாக இருப்பதால் ஆசை காட்டும். காட்டுக்குள் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அப்பர்ச்சரைத் திறக்கவோ மூடவோ முடியாது, எஃப்/8-லேயே நிற்கும். இலை இடுக்குகளில் தெரியும் வெளிச்சப் புள்ளி ஒவ்வொன்றும் பின்னணியில் வளையமாகிவிடும். அணிலைச் சுற்றி நூறு வளையல் கிடந்தால் கண் எங்கே போகும்?

வாங்கும்போது லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை ஓடியிருந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். புகை படிந்த மாதிரி வெளுத்திருந்தால் படம் முழுக்க மங்கும். ஒன்றிரண்டு தூசியும் முன் கண்ணாடியில் சின்னக் கீறலும் இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. எல்லாவற்றையும்விட ஃபோகஸ் வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். பழைய கிரீஸ் கட்டிப்போயிருக்கும். அறைக்குள் சற்று இறுக்கமாகத் திரும்பும் வளையம், குளிர்காலக் காலையில் ஒரு விரலுக்கு அசையவே அசையாது. இப்படிப்பட்ட லென்ஸ் கையில் இருந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் புது கிரீஸ் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு அது செலவுக்கு மதிப்புள்ள காரியம்.

இரண்டாம் படி: அடாப்டர்

உள்ளே மடங்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா இருந்தால் பெரிய யோசனை தேவையில்லை. பழைய எஸ்எல்ஆர் (அந்தக் கண்ணாடி உள்ள பிலிம் கேமரா) லென்ஸ்கள் எல்லாமே சென்சாரிலிருந்து 40 மி.மீ.-க்கு மேல் தள்ளி நிற்க வேண்டியவை: கேனான் எஃப்டி 42, எம்42 (திருகி மாட்டும் வகை) 45.46, நிக்கான் எஃப் 46.5 மி.மீ. மிரர்லெஸ் மவுண்ட்களோ (லென்ஸ் மாட்டும் வாய்) 16 முதல் 20 மி.மீ. வரைதான். மீதி இடைவெளியை அடாப்டர் நிரப்பிவிடும். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் உலோகக் குழாய் போதும்.

டிஎஸ்எல்ஆர் (மடங்கும் கண்ணாடி உள்ள டிஜிட்டல் கேமரா) வைத்திருப்பவர்களிடம், எம்42 லென்ஸை நிக்கானில் போட்டால் தூரத்தில் ஃபோகஸ் வராது, அதற்குக் கண்ணாடி வைத்த அடாப்டர் வாங்கு என்று சொல்வார்கள். தூரத்தில் வராது என்பது உண்மை. ஆனால் அணிலுக்கு அந்தத் தூரம் எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். லென்ஸ் வேண்டியதைவிட 2 மி.மீ. தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 300-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 45,000 மி.மீ., அதாவது 45 மீட்டர். அதற்கு அப்பால்தான் ஃபோகஸ் வராது. நமக்குத் தேவை ஐந்திலிருந்து பத்து மீட்டர். கண்ணாடி அடாப்டர் படத்தின் கூர்மையைக் கெடுப்பதுதான் மிச்சம், அதை வாங்காதீர்கள்.

இதே கணக்கு இன்னொரு இடத்திலும் உதவும். சூப்பர்-டாகுமார் 300 மாதிரியான லென்ஸ்கள் ஐந்தரை மீட்டருக்கு உள்ளே வருவதில்லை. நடுவில் 10 மி.மீ. எக்ஸ்டென்ஷன் வளையம் ஒன்றைச் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு மீட்டர் வரை கிட்டத்தில் ஃபோகஸ் கிடைக்கும். பதிலுக்கு ஒன்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக விழாது. மனிதர்களைப் பழகிய அணில்கள் உள்ள இடத்தில் இந்த வளையம் பையில் இருக்கட்டும்.

எம்42 லென்ஸில் ஏ, எம் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் எம்-இல் வையுங்கள். இல்லாவிட்டால் அப்பர்ச்சர் வளையத்தை என்னதான் திருகினாலும் தகடுகள் மூடாது. 1977-க்கு முந்தைய நிக்கான் லென்ஸ்கள் சில டிஎஸ்எல்ஆர்களின் மவுண்டில் இடித்துச் சேதப்படுத்தும், விசாரிக்காமல் மாட்டாதீர்கள். லென்ஸ் ஒரு கிலோவைத் தாண்டினால் டிரைபாடில் உட்கார வேண்டியது லென்ஸின் அடியில் இருக்கும் கால்தான், கேமராவின் அடிப்பகுதி அல்ல. அவ்வளவு எடையும் மெல்லிய அடாப்டரில் தொங்கினால் மவுண்ட் வளைந்து, படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாகும்.

மூன்றாம் படி: கேமராவைத் தயார் செய்வது

மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்க’ அனுமதி கொடுங்கள். இல்லையென்றால் பல கேமராக்கள் கிளிக் ஆகவே ஆகாது. கேமராவுக்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் லென்ஸ் 300 மி.மீ. என்று கையால் பதிவு செய்யுங்கள். முன்பு 50 மி.மீ. லென்ஸுக்கு வைத்த எண் அப்படியே இருந்தால் அசைவைச் சரியாகச் சமாளிக்காது.

மோட் டயல் ஏ-வில் இருக்கட்டும். அப்பர்ச்சரை நீங்கள் லென்ஸில் வைப்பீர்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஆட்டோ ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் அமைப்பு) குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/500 என்றும், மேல் எல்லை 6400 என்றும் வைத்துவிட்டால் காட்டுக்குள் யோசிக்க வேண்டியதே இல்லை. கோப்பு ரா (கேமரா திருத்தாத மூலப் பதிவு) வடிவத்தில்.

ஃபோகஸ் ஆன விளிம்புகளை நிறம் பூசிக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை நம்பி ஏமாறாதீர்கள். அணிலின் முடி நுணுக்கமான கோடுகள் நிறைந்தது, உடம்பு முழுக்க மின்னும். உணர்திறனைக் ‘குறைவு’ என்று வையுங்கள். நிறம் சிவப்போ மஞ்சளோ வேண்டாம், முடியோடு கலந்துவிடும். நீலம் இருந்தால் நீலம், இல்லையென்றால் வெள்ளை. பீக்கிங் தோராயமாகச் சொல்லும், முடிவு சொல்ல வேண்டியது உருப்பெருக்கம். கட்டைவிரல் எட்டும் பொத்தான் ஒன்றுக்கு உருப்பெருக்கத்தை ஒதுக்கி, வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் அழுத்தப் பழகிக்கொள்ளுங்கள்.

லென்ஸை எஃப்/5.6-இல் வையுங்கள். முழுக்கத் திறந்தால் பழைய லென்ஸில் கான்ட்ராஸ்ட் குறையும், முடி நுனிகளில் ஊதா விளிம்பு விழும். ஒரு படி மூடினாலே படம் தெளியும். எஃப்/8-க்குப் போனால் இன்னும் தெளியும், ஆனால் காட்டு வெளிச்சம் இடம் கொடுக்காது. ஃபோகஸும் எஃப்/5.6-இலேயே செய்யுங்கள். திறந்து ஃபோகஸ் செய்து பிறகு மூடுவது பிலிம் காலத்து வியூஃபைண்டர் இருட்டிவிடும் என்பதற்காக வந்த பழக்கம். மின்னணு வியூஃபைண்டரில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு வேலையும் மிச்சம்.

நான்காம் படி: அடையாளம் பார்ப்பது

முதல் நாள் கேமராவை எடுத்துப் போனாலும் பைக்குள்ளேயே இருக்கட்டும். தரையைப் பாருங்கள். செவ்வணில் பைன், ஸ்புரூஸ் காய்களை அடியிலிருந்து செதில் செதிலாகக் கடித்து விதையை எடுத்துக்கொண்டு, நடுத்தண்டைக் கீழே போடும். கொறித்துப் போட்ட மக்காச்சோளத் தண்டு மாதிரி கிடக்கும், நுனியில் மட்டும் நாலைந்து செதில் ஒட்டியிருக்கும். ஒரே மரக்கட்டையின் மேலும் அடியிலும் இந்தத் தண்டும் உதிர்ந்த செதிலும் குவிந்து கிடந்தால், அதுதான் அதன் சாப்பாட்டு மேடை. செதிலின் நிறம் பழுப்பேறாமல், கையில் எடுத்தால் பிசின் ஒட்டினால் இன்றைக்கோ நேற்றைக்கோ வந்திருக்கிறது. இரண்டு சரிபாதியாகப் பிளந்த ஹேசல்நட் ஓடுகளும் நல்ல அடையாளம். ஆனால் சாம்பல் அணிலும் இப்படித்தான் சாப்பிடும், எனவே அந்தப் பகுதியில் செவ்வணில் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு காதைக் கொடுங்கள். கண்ணுக்கு முன்னால் காதுதான் அணிலைக் கண்டுபிடிக்கும். மரப்பட்டையில் நகம் கீறும் சத்தம், காற்றே இல்லாதபோது மேலிருந்து செதில்கள் பொலபொலவென்று விழும் சத்தம். எந்த மரத்திலிருந்து இறங்குகிறது, தரையில் எந்த வழியாக ஓடுகிறது, எந்தக் கட்டையில் ஏறி நின்று சுற்றிலும் பார்க்கிறது என்று ஒரு தாளில் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை போகும்போது அந்தத் தாள்தான் உங்கள் ஆட்டோஃபோகஸ்.

ஐந்தாம் படி: இடத்தை அமைப்பது

சூரியன் எங்கே வரும், பின்னணி என்ன, உங்களுக்கும் மேடைக்கும் எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் பார்த்துத்தான் உட்கார வேண்டும். தூரத்தைப் பொறுத்தவரை ஆறு மீட்டர் நல்ல அளவு. 300 மி.மீ. லென்ஸில் ஃபுல் ஃபிரேம் கேமரா அந்தத் தூரத்தில் 72 செ.மீ. அகலம், 48 செ.மீ. உயரம் உள்ள பரப்பைக் காட்டும். உட்கார்ந்திருக்கும் அணில் அதில் ஏறக்குறைய பாதி உயரத்துக்கு வரும். வாலுக்கும் காதுக்கும் மேலே மூச்சுவிட இடம் இருக்கும். பின்னணி மேடைக்குப் பின்னால் குறைந்தது பத்து மீட்டராவது தள்ளியிருந்தால்தான் கரைந்து மெத்தென்று ஆகும். கேமராவின் உயரம் அணிலின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். கட்டை தாழ்வாக இருந்தால் டிரைபாட் கால்களை விரித்து, நீங்களும் தரையில் பாய் போட்டு உட்காருங்கள். மேலிருந்து கீழே பார்த்து எடுத்த அணில் படத்தில் அதன் முகம் கிடைப்பதில்லை.

இனி இந்தக் கலையின் நுட்பமான பகுதிக்கு வருவோம். அணில் ஒரே இடத்துக்கு வந்தாலும், வருவதற்கு ஒரு வழி, உட்கார ஒரு இடம், போவதற்கு ஒரு வழி என்று மூன்று இடங்கள் உண்டு. மூன்றும் வெவ்வேறு தூரத்தில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குள் அது போய்விடும். எனவே ஆறு மீட்டர் நீளக் கயிறு ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒரு முனையை மேடையில் வைத்து, டிரைபாடை எங்கே நிறுத்தினால் அந்த மூன்று இடங்களும் டிரைபாடிலிருந்து கயிற்றின் நீளத் தூரத்தில், ஏறக்குறைய ஒரே வளைவில் விழுகின்றன என்று தேடுங்கள். கொஞ்சம் இடமோ வலமோ நகர்ந்தாலே பெரும்பாலும் அமைந்துவிடும். அமைந்துவிட்டால் பிறகு கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவதுதான் வேலை, ஃபோகஸ் வளையத்துக்கு வேலை மிகக் குறைவு.

ஒரே வளைவில் அமையாத இடத்துக்குக் காகித டேப் இருக்கிறது. லென்ஸின் நகராத பாகத்தில் ஒரு துண்டும், சுழலும் வளையத்தில் ஒரு துண்டும் ஒட்டுங்கள். நகராத துண்டில் ஒரே ஒரு கோடு. மேடைக்கு உருப்பெருக்கிப் பார்த்துத் துல்லியமாக ஃபோகஸ் செய்து, சுழலும் டேப்பில் அந்தக் கோட்டுக்கு நேராக ‘கட்டை’ என்று எழுதுங்கள். அடுத்து ‘வேர்’, பிறகு ‘கிளை’. அணில் வேரில் தலைகாட்டியதும் கோட்டை ‘வேர்’ மேல் கொண்டுவந்தால் போதும், ஃபோகஸ் வந்திருக்கும். பழைய லென்ஸின் வளையம் நீளமாகச் சுற்றக்கூடியது, அதனால் இந்தக் குறிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் தள்ளித் தள்ளி விழும். நுட்பமாக நிறுத்தவும் முடியும். இன்றைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றின் வளையம் மின்னணு முறையில் சுழல்வதால் இப்படிக் குறி போட்டு நம்ப முடியாது. பழைய லென்ஸ் இந்த இடத்தில் உண்மையாகவே மேல்.

மேடைக்கு ஃபோகஸ் செய்யும்போது மரக்கட்டையின் முன்விளிம்பைக் குறிவைக்காதீர்கள். அணில் நடுவில்தான் உட்காரும், கண்ணோ கட்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கும். நடுவில் ஒரு பைன் காயைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் செதில் விளிம்பில் ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு எடுத்துவிடுங்கள். ஆறு மீட்டரில், எஃப்/5.6-இல், ஃபுல் ஃபிரேமில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 13 செ.மீ. மட்டும். எஃப்/4-இல் அது 10 செ.மீ.-க்கும் கீழே போகும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் அணில் முழுதும் இதற்குள் அடங்கும். உங்களைப் பார்த்து உட்கார்ந்தால் அடங்காது, அப்போது கண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வாலை விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: அணில் வந்த பிறகு

வந்தவுடன் அமுக்காதீர்கள். முதல் சில நொடிகள் அது உங்களையும் இடத்தையும் பார்க்கும். முதல் கிளிக்கிலேயே பயந்து போனால் திரும்பி வர நேரமாகும். காயைக் கையில் எடுத்துச் சுழற்றிக் கொறிக்கத் தொடங்கட்டும். சத்தமில்லாத மின்னணு ஷட்டர் இருந்தால் இப்போது பயன்படுத்தலாம். ஓடும்போது அது வேண்டாம், சென்சார் வரிவரியாகப் படிப்பதால் சில கேமராக்களில் உருவம் சாய்ந்து விழும்.

இப்போது உருப்பெருக்கத்தை அழுத்திக் கண்ணைப் பாருங்கள். டேப் குறி உங்களைச் சில செ.மீ. அருகில் கொண்டுவந்து விட்டிருக்கும். வளையத்தை மயிரிழை முன்னால், மயிரிழை பின்னால் என்று மெதுவாக ஆட்டி, மூன்று மூன்று படங்களாக எடுங்கள். ஒன்றிலாவது இமை ஓரத்து முடி தனித்தனியாகத் தெரியும். கருமையான கண்ணில் வானத்தின் ஒரு வெள்ளைப் புள்ளி விழுகிறதா என்றும் பாருங்கள். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் எவ்வளவு கூர்மையான படமானாலும் அணில் உயிரில்லாமல் தெரியும். தலையைச் சற்றே தூக்கும் கணத்துக்குக் காத்திருங்கள்.

அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் தாடையும் முன்கைகளும் வேகமாக இயங்கிக்கொண்டே இருக்கும். 1/250-இல் உடம்பு தெளிவாக, வாய் மட்டும் கலங்கி விழும். 1/500 பாதுகாப்பு. கட்டையில் ஓடுவதற்கு 1/1000, தாவலுக்கு 1/2000. மேகமூட்டமான குளிர்காலக் காலையில் பைன் மரங்களுக்கு அடியில் எஃப்/5.6, 1/500 என்றால் ஐஎஸ்ஓ 3200-ஐ ஒட்டி வரும். தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். நுண்மணி (புள்ளி புள்ளியான இரைச்சல்) விழுந்த படத்தைத் திருத்தலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

தாவல் வேண்டுமென்றால் இரண்டு கட்டைகளுக்கு நடுவே, கேமராவுக்குக் குறுக்காக அணில் தாண்டும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நேராக உங்களை நோக்கித் தாவும் அணிலைக் கைஃபோகஸில் பிடிக்க நினைப்பது வீண் உழைப்பு. குறுக்குத் தாவலில் தூரம் மாறாது, எனவே நடுவெளியில் ஒரு குச்சியை நட்டு ஃபோகஸ் வைத்து எடுத்துவிட்டு, அணில் முதல் கட்டையில் பின்னங்காலை மடக்கும்போதே தொடர் ஷாட்டை ஆரம்பியுங்கள். கால் தரையை விட்ட பிறகு அழுத்தினால் தாமதம்.

வெளிச்ச அளவில் ஒரு எச்சரிக்கை. இருண்ட காட்டுப் பின்னணியைப் பார்த்துக் கேமரா படத்தை வெளுப்பாக்கும். செவ்வணிலின் முடியில் முதலில் எரிந்துபோவது சிவப்புச் சேனல், வயிற்று வெள்ளை அடுத்தது. அதனால் கேமராவின் வெளிச்ச ஈடுசெய்தலை மூன்றில் ஒரு படியிலிருந்து மூன்றில் இரண்டு படி வரை குறைத்து வையுங்கள்.

எதிர் வெளிச்சத்தில் காதுக் குஞ்சமும் வாலும் தீப்பற்றினாற்போல ஒளிரும், இந்த விலங்கின் மிக அழகான படங்கள் அப்போதுதான் கிடைக்கும். பழைய லென்ஸுக்கோ அதுதான் சோதனை. அதன் கண்ணாடிப் பூச்சு இன்றைய லென்ஸ்களுக்கு ஈடாகாது, சூரியன் முன் கண்ணாடியைத் தொட்டால் படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல வெளுக்கும். லென்ஸின் முன்னால் இழுத்து நீட்டும் ஹூட் (வெளிச்சத் தடுப்புக் குழாய்) இருந்தால் முழுக்க இழுத்து, அதற்கு மேல் கறுப்பு அட்டையைச் சுருட்டி இன்னும் நீளமாக்குங்கள். மேடையையும் சூரியனையும் நேர்க்கோட்டில் வைக்காமல், ஒரு மரத்தண்டின் நிழல் லென்ஸின் மேல் விழும்படி உட்கார்ந்தால் முடியின் ஒளி விளிம்பு கிடைக்கும், வெளுப்பு வராது.

எவ்வளவு நெருங்கலாம்

பிரிட்டனில் செவ்வணிலுக்கு 1981-ஆம் ஆண்டு காட்டுயிர், கிராமப்புறச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. கூட்டுக்குள் இருக்கும் அணிலைத் தொந்தரவு செய்வதும், கூட்டைச் சேதப்படுத்துவதும் குற்றம். கிளைக் கவட்டில் குச்சியும் பாசியும் சேர்த்த பந்து ஒன்று தெரிந்தால் அந்த மரத்தடியில் மேடை தேடாதீர்கள். குளிர்காலக் கடைசியிலிருந்தே குட்டிகள் இருக்கலாம்.

அணிலே உங்களுக்குச் சொல்லும். ‘சக், சக்’ என்று அதட்டி, வாலை வெடுக்வெடுக்கென ஆட்டி, பின்னங்காலால் மரத்தைத் தட்டினால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். கேமராவை இறக்கிவிட்டுப் பின்வாங்குங்கள். கொறித்துக்கொண்டிருந்தது நிறுத்திவிட்டு அசையாமல் உறைந்து நின்றாலும் அதே பொருள்தான்.

உணவு வைப்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: நில உரிமையாளரோ காப்பகமோ அனுமதிக்காத இடத்தில் ஒரு கொட்டைகூட வைக்காதீர்கள். பல அணில்கள் ஒரே தட்டில் வாய் வைக்கும்போது நோய் எளிதாகக் கைமாறும். சாம்பல் அணிலும் வந்துபோகும் இடமென்றால் ஆபத்து இரட்டிப்பு. அனுமதியோடு உணவுப்பெட்டி நடத்துகிறவர்கள் அதைக் கிருமிநாசினி போட்டுத் தவறாமல் கழுவ வேண்டும். நிலக்கடலை மட்டும் போடுவது கூடாது, அதில் கால்சியம் போதாது. உப்புக் கடலை அறவே கூடாது. ஹேசல்நட் நல்லது. ஓட்டோடு முழுசாகக் கொடுத்தால் பல நேரம் புதைத்து வைக்கத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். ஓடு கீறியதைக் கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்து தின்னும்.

கண், மூக்கு, வாய் ஓரங்களிலும் பாதத்திலும் புண்ணோ பொருக்கோ தெரிந்தால், சோர்ந்து தரையில் கிடந்தால், அது அணில் அம்மையாக இருக்கலாம். தொடாமல் படத்தோடும் இடக்குறிப்போடும் அந்தப் பகுதியின் அணில் பாதுகாப்புக் குழுவுக்கு உடனே தெரிவியுங்கள். அவர்களுக்கு அந்தப் படம் உங்கள் அழகான படங்கள் எல்லாவற்றையும்விட உதவும்.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

பழைய லென்ஸ் கேமராவோடு பேசாது என்பதால் அப்பர்ச்சர் எண் கோப்பில் பதிவாகாது. அன்றைக்கே குறித்து வையுங்கள், எந்த எண்ணில் உங்கள் லென்ஸ் நன்றாக வேலை செய்கிறது என்று சில வாரங்களில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

திருத்தும்போது முதலில் ஊதா, பச்சை விளிம்புகளை அகற்றுங்கள், குறிப்பாக வானத்துக்கு எதிரே தெரியும் காதுக் குஞ்சத்தில். அடுத்து கறுப்பு அளவைச் சற்றுக் கீழே இறக்குங்கள், பழைய லென்ஸின் மூடுபனி விலகும். நிறச்செறிவை மொத்தமாக ஏற்றாதீர்கள். முடி ஆரஞ்சுச் சாயம் பூசினாற்போல ஆகிவிடும். ஆரஞ்சு, சிவப்பு இரண்டையும் தனித்தனியாக, கொஞ்சமாகத் தொடுங்கள். கூர்மை கூட்டுவது கண்ணுக்கும் முகத்துக்கும் மட்டும், பின்னணிக்கு வேண்டாம். இணையத்தில் போடுமுன் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். கூடு இருக்கும் மரம் தெரியும் படமென்றால் போடவே வேண்டாம்.

லென்ஸையும் கவனியுங்கள். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் வந்ததும் பையைத் திறந்தால் கண்ணாடியின் உள்ளேயும் ஈரம் படியும். சீல் இல்லாத பழைய லென்ஸுக்குள் அந்த ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பையை மூடியபடியே இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு லென்ஸை எடுத்து வெளிப்புறத்தைத் துடைத்து, மூடியைக் கழற்றி இரவு முழுக்கக் காற்றாட வையுங்கள். அடுத்த நாள் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டிக்குள் போட்டுவிடலாம். ஃபோகஸ் வளையத்தில் ஒட்டிய காகித டேப்பையும் உரித்துவிடுங்கள். பல நாள் விட்டால் பசை வளையத்தின் வரிகளுக்குள் இறங்கிவிடும்.